வாசலைத் திறந்து வைத்தவர்கள்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் நடபடிகள் 28:16-31



அப்போஸ்தலர் நடபடிகள் நூல் ஒரு வாடகை வீட்டில் முடிவடைகிறது. ரோமாபுரிக்கு வந்து சேர்ந்த பவுலின் வழக்கு இன்னும் விசாரிக்கப்படவில்லை. ஒரு போர்ச்சேவகன் காவலிருக்கிறான். பவுலின் கையில் சங்கிலி. நினைத்தபடி வெளியே செல்ல அவருக்கு வழியில்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டிலிருந்தபடியே, தம்மைத் தேடி வந்த எவரையும் அவர் வரவேற்றார் என்று சொல்லி லூக்கா நூலை நிறைவு செய்கிறார். இங்கே வரும் 'மிஸ்தோமா' என்னும் கிரேக்கச் சொல், கூலியாகவோ வாடகையாகவோ கொடுக்கும் பணத்தைக் குறிப்பது. ஆகவே அவர் 'சொந்தச் செலவில்' குடியிருந்தார் என்றும் அவ்விடத்தை வாசிப்பதுண்டு. வரவேற்பைச் சொல்லும் வினைச்சொல்லும், ஒருமுறை செய்து முடித்ததைச் சொல்லாமல், நாள்தோறும் தொடர்ந்ததைச் சொல்லுகிறது.

சொந்தச் செலவு, சொந்த வீடு, வருகிறவர் யாராயினும் வரவேற்பு. இம்மூன்றும் சேர்ந்திருந்த வேறொரு வரலாற்றை இந்த வாரம் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். அது கணினியின் வரலாற்றில் ஒரு சிறு பகுதி. நம் வாலிபர் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

1978ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பெரும் பனிப்புயல் வீசியது. மக்கள் வீட்டை விட்டு வெளியேற இயலவில்லை. அங்கே கணினிப் பொழுதுபோக்காளர் சங்கமொன்றில் உறுப்பினராயிருந்த வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இரு நண்பர்கள், சங்கத்தின் அறிவிப்புப் பலகையைத் தொலைபேசி வழியாக வாசிக்க ஒரு வழி தேடினார்கள். ஒருவர் மென்பொருளை எழுதினார். மற்றவர் கணினியை அமைத்தார். பிப்ரவரி 16ஆம் தேதி, 'புல்லட்டின் போர்டு சிஸ்டம்' எனப்படும் மின் அறிவிப்புப் பலகைகளில் முதலாவது பிறந்தது. நகருக்குள் குடியிருந்த சூஸின் வீட்டில் அக்கணினியை வைத்தார்கள். அங்கே வைத்தால் அழைக்கிறவர்களுக்குத் தொலைபேசிச் செலவு குறையும் என்று எண்ணினார்கள்.

அது இயங்கிய முறை எளியது. உங்கள் கணினியை மோடம் என்னும் கருவி மூலம் தொலைபேசியோடு இணைத்து அந்த வீட்டு எண்ணை அழைக்கவேண்டும். இரு மோடங்களும் கீச்சொலி எழுப்பி ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பின்பு முன் வந்தவர்கள் எழுதி வைத்த செய்திகள் திரையில் தோன்றும். நீங்களும் ஒன்று எழுதி வைத்துவிட்டு விடைபெறலாம். அன்றைய வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். ஒரு பக்கக் கடிதம் வந்து முடிய ஒரு நிமிடம் ஆகும். இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஒருவர் உள்ளே இருக்கையில் அடுத்தவர் வெளியே காத்திருக்கவேண்டும்.

விரைவிலேயே இத்தகைய பலகைகள் உலகெங்கும் பெருகின. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட், பலகையிலிருந்து பலகைக்குக் கடிதங்களைக் கடத்தியது. கட்டணம் குறையும் இரவு வேளையில் ஒரு வீட்டுக் கணினி இன்னொரு வீட்டுக் கணினியை அழைத்துத் தன்னிடமிருந்த கடிதங்களை ஒப்படைக்கும். எஸ்.டி.டி. பூத் வாசலில் இரவுக் கட்டணத்துக்காகக் காத்து நின்ற நம் தலைமுறையாருக்கு இது நன்றாகவே விளங்கும்.

நம் நாட்டிலும் இவர்கள் இருந்தார்கள். பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 1989இல் 'சிக்ஸ்' என்னும் பலகையைத் தொடங்கினார். மும்பையில் சுசித் நந்தா 'லைவ் வயர்' பலகையை நடத்தினார். தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அரிதாய்க் கிடைத்த இணைப்பை ஒருவர் அந்நியருக்குத் திறந்துவிட்டார் என்பதன் அருமையை எண்ணிப்பாருங்கள். 1990களின் நடுப்பகுதியில் தொலைத்தொடர்புத் துறை இப்பலகைகளுக்கும் லட்சக்கணக்கில் ஆண்டு உரிமக் கட்டணம் விதிக்க முற்பட்டபோது, அருண் மேத்தா முதலானோர் கூடி அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. பலகைகளின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

நம் பழைய வீடுகளின் திண்ணையை இதற்கு ஒப்பிடலாம். திண்ணையில் அமர்ந்த வழிப்போக்கனை வீட்டுக்காரர் பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார், எந்த ஊர் என்று கேட்பார். மின் பலகையை நடத்தியவரும் அப்படியே. வந்தவர் தட்டச்சு செய்வது அவர் திரையிலும் தெரியும். விரும்பினால் இடையில் நுழைந்து அவரோடு உரையாடலாம். புதிதாய் வந்தவர் யார், வழக்கமாய் வருகிறவர் ஏன் வரவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். சண்டைகளும் தகாத பேச்சும் அங்கேயும் உண்டு. அவற்றைத் தீர்க்கும் பொறுப்பும் அவருடையதே. பவுலின் வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் விசுவாசித்தார்கள், சிலர் மறுத்து எழுந்து போனார்கள் என்பதை லூக்கா மறைக்கவில்லை. ஆனாலும் கதவு அடைபடவில்லை.

இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். நம் சபைக்கும் குழு உண்டு; மரண அறிவிப்பும் ஜெப விண்ணப்பமும் அதன் வழியாக ஒரு நொடியில் யாவரையும் சென்றடைகின்றன. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அங்கே வருகிறவரைக் கவனிக்கும் வீட்டுக்காரர் யார்?

நம் வண்டியூர்ச் சபையில் தனியே வாழும் ஒரு விதவைத் தாயார், நாள்தோறும் அதிகாலையில் பூப்படத்தோடு ஒரு வாழ்த்தைக் குழுவில் இடுவார். பலர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் மூன்று நாட்கள் அந்தப் பூ வரவில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி அதைக் கவனித்து, மாலையில் அவர் வீட்டுக்கு நடந்து போனாள். விபரீதம் ஒன்றும் இல்லை. ரீசார்ஜ் முடிந்திருந்தது, செய்துகொடுக்க ஆளில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நாட்களும் வெளியூரிலுள்ள மகனோடு பேச இயலாமல், யாரிடம் கேட்பதென்றும் தெரியாமல் அந்தத் தாயார் இருந்திருக்கிறார். இப்போது மாதந்தோறும் அந்தப் பிள்ளையே ரீசார்ஜ் செய்கிறாள். போகிற நாளில் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசிவிட்டும் வருகிறாள்.

அன்பானவர்களே, அன்று கருவிகள் குறைவு. ஒரே இணைப்பு இருந்ததால் ஒருவருக்கு ஒருவர் முழுமையாகக் கிடைத்தார்கள். இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கவனம் மட்டும் இன்னும் ஒருவருக்கு ஒருவர் என்றே கொடுக்கப்பட வேண்டியிருக்கிறது. அதை எந்த நிறுவனமும் நமக்காகச் செய்து தராது. சூஸ் 2019இலும் கிறிஸ்டென்சன் 2024இலும் மறைந்துவிட்டார்கள். ஆனால் உலகின் பல பகுதிகளில் இன்றும் சில பொழுதுபோக்காளர்கள் இத்தகைய சிறு பலகைகளை, இப்போது இணையத்தின் வழியாகவே, தம் வீட்டுக் கணினிகளில் நடத்துகிறார்கள். ஓரிரவில் ஒருவர் வந்தாலும் போதும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் சபை அதற்குக் குறைந்து காத்திருக்கலாமா? இந்த வாரம் நம் குழுவிலுள்ள பெயர்களை ஒருமுறை வாசியுங்கள். நெடுநாளாய் மௌனமாயிருக்கும் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குச் செய்தி அனுப்பவேண்டாம். அழைத்துப் பேசுங்கள், அல்லது அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். நாளில் ஒரு மணி நேரமாவது, யார் அழைத்தாலும் எடுத்துப் பேசும் நேரமாக உங்கள் தொலைபேசியை ஒப்புக்கொடுங்கள். சங்கிலியோடு இருந்த பவுலுக்கு அது கூடுமாயிருந்தது; நமக்கும் கூடும்.

ஜெபம்: எங்களை ஏற்றுக்கொண்ட ஆண்டவரே, எங்கள் வாசலையும் செவியையும் திறந்தருளும். மௌனமாயிருப்பவர்களை நாங்கள் கவனிக்க எங்களுக்குக் கண்களைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்