பெண் தாங்கிய கம்பெனி

அப்பா ஆரம்பித்த சின்ன கட்டட கான்ட்ராக்ட் தொழிலில் நாற்பது வருஷம் ஓடியவன் நான். அதனாலோ என்னவோ, பழைய குடும்பக் கம்பெனிகளின் கதை கிடைத்தால் விடமாட்டேன். அப்படிக் கிடைத்தது ஜப்பானின் ஒசாகா நகரத்துக் கொங்கோ குமி.

ஷிடென்னோஜி என்ற புத்தர் கோயிலைக் கட்டக் கொரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட தச்சர் ஒருவர், கி.பி. 578-ல் தொடங்கியது. நாற்பது தலைமுறை நடந்தது!

மூத்த மகன் என்பதற்காக மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடவில்லை. திறமை இருக்கிறதா என்று பார்த்தார்கள். மகன் இல்லாத வீட்டில் மருமகனுக்குக் குடும்பப் பெயரைச் சூட்டித் தலைவராக்கினார்கள். 1930-களில் 37-வது தலைவர் இறந்ததும் அவர் மனைவி யோஷியே பொறுப்பேற்றார். 1934 புயலில் விழுந்த ஷிடென்னோஜி கோபுரத்தைத் திரும்ப எழுப்பியது அவர் தலைமையில்தான்.

இவ்வளவு தாங்கியதைக் கடன் சாய்த்தது. 1980-களில் நில விலை ஏறியபோது கடன் வாங்கி நிலத்தில் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் நின்றது. 2006-ல் கம்பெனி வேறொரு குழுமத்தின் கைக்குப் போயிற்று. கோயில் வேலை மட்டும் அதே பெயரில் தொடர்கிறது.

எங்கள் தொழிலை இப்போது என் மகள் கேட்கிறாள். சிவில் படித்தவள், ஆறு வருஷமாக சைட்டில் நிற்பவள். "பொம்பளப் புள்ள மேஸ்திரிகளை எப்படி மேய்க்கும்?" என்கிறார் அண்ணன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. என் பங்கு அவளுக்குத்தான். ஒரே நிபந்தனை: கடன் வாங்கி மனை வாங்கக் கூடாது.