நான் வாங்கிய தொலைநோக்கிகள்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் இருவர் என்னைத் தனியே அழைத்து, "பிள்ளைகள் வானம் பார்க்கத் தொலைநோக்கி கேட்கிறார்கள். நீங்கள் வாங்கியிருக்கிறீர்களாமே, எது வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்று வினவினர். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. நான் வாங்கியது ஒன்றல்ல, இரண்டு. அவற்றுள் முதலாவது பிழையாக வாங்கியது. ஆகவே எழுதிவிடுவதே நலம் என்று துணிந்தேன். நான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் பார்சல் பகுதி எழுத்தராக இருப்பவன்; வானநூல் கற்றவனல்லன். கையைச் சுட்டுக்கொண்ட அளவுக்கே எனக்குத் தெரியும்.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வித்துராவுக்கு மேலுள்ள மலைத் தோட்டத்திற்குக் கொழுந்து பறிக்க வந்தவர். என் தந்தையாரும் அங்கேயே உழைத்து ஓய்ந்து, இப்போது வித்துராவில் நான்கு சென்ட் நிலத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் எங்களோடு இருக்கிறார். நான் பிறந்த லயத்தில் அந்நாளில் மின்விளக்குக் கிடையாது. தை மாதத்து இரவுகளில் அப்பா என்னை வாசலுக்கு அழைத்துப்போய், தெற்கே தாழ்வாக ஒளிரும் ஒற்றை மீனைக் காட்டி, "அதுதான் அகத்தியர், மலையிலிருந்து எழுந்து வருகிறார்" என்பார். உண்மையில் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அகத்தியமலை கிழக்கே இருக்க, அம்மீன் அதற்கு வலப்புறமாகத் தென்கிழக்கில் எழுகிறது. இதைப் பின்னாளில் திசைகாட்டி வைத்துக் கண்டுகொண்டேனாயினும் அப்பாவிடம் சொல்லவில்லை. இரவு வானில் ஒளியால் இரண்டாம் இடம் பெற்ற விண்மீன் அது. வடநாட்டார் தொடுவானை ஒட்டி அரிதிற் காண்பதை, நாம் பிப்ரவரி மாதத்து இரவு ஒன்பது மணிக்கு நன்கு உயரத்திலேயே காண்கிறோம்.

இக்கதையைத் தாத்தாவிடம் கேட்ட என் மகள், "அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்" என்று பிடிவாதம் செய்தாள். 2023-ஆம் ஆண்டின் இறுதியில், இணையவழிக் கடை ஒன்றில் ஒரு தொலைநோக்கியைக் கண்டேன். விலை ரூ. 6,400. பெட்டியின் மேல் வளையமணிந்த சனியின் வண்ணப்படம். அதனடியில் பெரிய எழுத்தில் "525 மடங்கு". என் மனைவி தன் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பூட்டுவதற்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். "பிள்ளை படிப்புக்குத்தானே" என்றாள்.

2024 ஜனவரி 15, பொங்கலன்று இரவு முற்றத்தில் அதனை நிறுத்தினோம். மேற்கே வளர்பிறைச் சந்திரன். வியாழனோ ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே. சந்திரனை ஒருவாறு பிடித்தேன். ஆனால், விரல் பட்டவுடன் அந்த மெல்லிய முக்காலி காய்ச்சல் கண்டவன் போல் நடுங்கிற்று. நடுக்கம் அடங்குவதற்குள் சந்திரன் பார்வை வட்டத்தைவிட்டு நழுவிவிட்டான். பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோமோ அந்நகர்வும் அத்தனை மடங்கு விரைவாகிறது என்பதை அன்று அறிந்தேனல்லேன். வியாழனுக்குத் திருப்பினால், குழாயின் பின்பகுதி முக்காலியின் காலில் முட்டி நின்றது. நம்மூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோள்கள் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் செல்லும். அந்தத் தொலைநோக்கிக்கு எட்டாத இடமும் அதுவே. மிகுதியாகப் பெரிதாக்கும் வில்லையை மாட்டியபோது தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறக் கலக்கம். அரை மணி நேரம் பொறுத்திருந்த மகள், "அப்பா, சும்மா பார்த்தாலே நன்றாக இருக்கிறது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டி அலமாரியின் மேல் ஏறிற்று. எனக்கோ அந்த 525 என்னும் எண் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் கூட்ஸ் வராத நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிதாக்கும் மடங்கு என்பது, தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகே மாட்டும் வில்லையின் குவியத் தொலைவால் வகுத்து வருவது. என்னுடையதன் குவியத் தொலைவு 700 மி.மீ.; சிறிய வில்லை 4 மி.மீ.; வகுத்தால் 175. அதனோடு மும்மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றையும் சேர்த்து விற்றிருந்தார்கள், ஆக 525. கணக்கில் பொய்யில்லை! ஆனால், ஒரு தொலைநோக்கி தெளிவு கெடாமல் எத்தனை மடங்கு தாங்கும் என்பதற்கு வேறோர் அளவு இருக்கிறது: முகப்பு விட்டம் எத்தனை மி.மீ. உண்டோ, அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. என்னுடைய முகப்பு 60 மி.மீ.; எனவே 120 மடங்குக்கு மேல் போனால் பெரிதாவது படமன்று, மங்கல்தான். பார்சலின்மேல் ஒட்டிய சீட்டு வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பதை நாள்தோறும் காணும் நானே சீட்டைப் பார்த்து ஏமாந்தேன். கலீலியோ 1610-இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கு பெரிதாக்கும் குழாயைக் கொண்டுதான்.

ஆகவே அன்பர்களே, கடைக்காரரிடம் எத்தனை மடங்கு என்று கேளாதீர்கள். முகப்பு எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். இருளில் நம் கண்ணின் மணி விரிந்தால் 7 மி.மீ. அளவு. 60 மி.மீ. முகப்பு நம் கண்ணைப்போல் 73 மடங்கு ஒளி வாங்கும், 114 மி.மீ. முகப்போ 265 மடங்கு வாங்கும். விட்டம் இரட்டிப்பானால் ஒளி நான்கு மடங்காவதே காரணம். அகலமான கண்ணாடி வில்லை செய்வது செலவு மிகுந்தது. அதே அகலத்தில் குழியாடி செய்வது மலிவு. எனவே சிக்கனக்காரருக்கு ஆடி வைத்த தொலைநோக்கியே ஏற்றது.

அடுத்துக் கேட்க வேண்டியது கால். இதிலே எனக்கு வழி காட்டியது ஜான் டாப்சன் என்ற அமெரிக்கரின் வரலாறு. அவர் சான்பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் இருபதாண்டுக்கு மேல் துறவியாக இருந்தவர். காசு இல்லாமையால் கப்பல் சன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, பலகைப் பெட்டியின்மேல் ஏற்றினார். மடத்தைவிட்டு வெளியேறியபின், 1968-இல் தோழர்களுடன் நடைபாதையில் அதனை நிறுத்தி வழிப்போக்கர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டலானார். 2014-இல் மறைந்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்தத் தாங்கி இரண்டே அசைவு உடையது: பீரங்கிபோல் பக்கவாட்டில் சுழலும், மேலும் கீழும் சாயும். உச்சிவானம் வரை தடையின்றிப் போகும். துருவ மீனைப் பார்த்து நிறுத்தவேண்டிய வேறுவகைத் தாங்கியும் உண்டு. வித்துராவில் துருவ மீன் ஒன்பது பாகை உயரங்கூட இல்லை. ரப்பர் மரங்களுக்குப் பின்னே மறைந்து கிடக்கிறது. அந்த வகை நமக்கு வேண்டாம்.

2024 தசரா போனஸ் கைக்கு வந்ததும், முதற்காரியமாக மனைவியின் ரூ. 6,400-ஐத் திருப்பிக் கொடுத்தேன். மீதியை வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்து ஊர் திரும்பவிருந்த மாணவர் ஒருவரிடம், மேசைமேல் வைக்கும் டாப்சன் வகைத் தொலைநோக்கியை ரூ. 11,000-க்கு வாங்கினேன். ஆடி 114 மி.மீ.; குவியத் தொலைவு 500 மி.மீ. புதிதாயின் பதினாறு, பதினேழாயிரம் ஆகியிருக்கும். பழையது வாங்குவோர் குழாய்க்குள் டார்ச்சு அடித்து ஆடியைப் பாருங்கள். தூசி இருந்தால் குற்றமில்லை, சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். முன்னதை விற்றுவிடலாமே என்று நண்பர் சொன்னார். வாங்குகிறவனும் ஒரு பிள்ளையின் தகப்பனாகத்தானே இருப்பான்!

மேசைமேல் வைப்பது என்றேனே, எங்கள் வீட்டு மேசைகள் எல்லாம் ஆடும். கொல்லையிலுள்ள துவைகல் ஆடாது. சிமெண்டில் பதித்த அந்தக் கல் இடுப்பளவு உயரம். அன்றுமுதல் பகலில் துணியும் இரவில் தொலைநோக்கியும் அதன்மேல். கீழே சிமெண்டுத் தளம் இருப்பதால் மழைக்குப் பிந்திய நாள்களில் அட்டை ஏறும் தொல்லையும் இல்லை.

ஐயாயிரத்துக்குமேல் முடியாதென்பார் இருகண் நோக்கி வாங்கலாம். 10×50 என்று குறித்திருக்கும். பத்து மடங்கு, 50 மி.மீ. முகப்பு. கார்த்திகையின் ஆறு மீன்கள் அதில் ஒரு கொத்தாகப் பெருகித் தெரியும். கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் துணைக்கோள்களும் புள்ளிகளாகத் தெரியும். நடுங்கும் முக்காலியைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்குமுன் ஒருமுறை பார்த்துப் பழகுவது இன்னும் நல்லது. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-இல், கால்டிகாட் என்பவரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய வானாய்வுக் கூடம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கால்டிகாட்டுக்குப் பின் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன்தான் 1855-இல் நம் அகத்தியமலையின் மீதே காந்த ஊசியின் அசைவை அளக்கும் நிலையம் ஒன்றை அமைத்தவர். விண்மீன் பார்க்க அல்ல என்றாலும், அக்காலத்தில் கருவிகளை அந்தக் காட்டின் வழியே சுமந்து ஏற்றியவர்களின் தோள்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அக்கூடத்திலோ அருகிலுள்ள கோளரங்கத்திலோ பொதுமக்களுக்குக் காட்டும் மாலை உண்டா என்று விசாரித்துப் போய்வாருங்கள்.

பயன்படுத்தும் முறையில் சில. குழாயின்மேல் உள்ள சிவப்புப் புள்ளிக் குறிகாட்டியைப் பகலிலேயே தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டு சரிசெய்துவிட வேண்டும். இரவில் முதலில் பெரிய எண்ணுள்ள வில்லையை மாட்டித் தேட வேண்டும். என்னுடையதில் 25 மி.மீ. வில்லை இருபது மடங்கு தரும். கண்டபின் 10 மி.மீ. வில்லையால் ஐம்பது மடங்கு. சனியின் வளையத்திற்கு அது போதும். முழுநிலவன்று சந்திரனைப் பார்ப்பது வீண். நிழல் இல்லாமையால் வெள்ளித் தட்டுப்போல் இருக்கும். அரைத்திங்கள் அன்றுதான் ஒளியும் இருளும் கூடும் விளிம்பில் பள்ளங்கள் எழுந்து நிற்கும். ஜூன் முதல் நவம்பர் வரை நம்மூரில் மழையே அரசு. அப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிவையுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள். கண் நொடியில் போய்விடும். கண்ணருகு வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடியைச் "சூரியனுக்கு" என்று சேர்த்துத் தந்தாலும் நம்பாதீர்கள். சூட்டில் அது வெடிக்கும்.

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை இரவு. அரைத்திங்கள் கார்த்திகையை நெருங்கிக்கொண்டிருந்தான். ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன். மகள் தானே குறிவைத்து வியாழனைப் பிடித்தாள். "அப்பா, பக்கத்தில் பொட்டுகள் ஒரே வரிசையாக!" என்று அவள் கூவியதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. பின்பு சந்திரனுக்குத் திருப்பித் தாத்தாவை அழைத்தாள். அவர் வலக்கண்ணை வைத்துப் பார்த்து, "மேகம் மூடிக்கிச்சு தாயி" என்றார். மேகம் இல்லை. நான் பார்த்தேன், பள்ளம் பள்ளமாகத் தெளிவாய் இருந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் மேகம். "தாத்தா, இந்தக் கண்ணாலே பாருங்க" என்று மகள் அவர் தலையைத் திருப்பி வைத்தாள். இடக்கண்ணால் பார்த்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வலக்கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு. உங்களுக்குச் செலவு வைக்க வேண்டாம்னு இருந்தேன்" என்றார். இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அறியவில்லை. விடியற்காலை முதல் பேருந்துக்குப் போய் இரவு திரும்புகிறவன் அறியாதது வியப்பில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

மார்ச்சு முதல் வாரத்தில் அரசு கண் மருத்துவமனையில் புரை நீக்கினார்கள். ஏப்ரல் 5, சனிக்கிழமை, தென்மேற்கே இறங்கிக்கொண்டிருந்த அகத்தியரை மகள் பிடித்துத் தந்தாள். அப்பா வலக்கண்ணால் பார்த்தார். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் எத்தனை மடங்கு பெரிதாக்கினும் புள்ளியாகவே நிற்கும். அகத்தியரிடமிருந்து ஒளி நம்மை வந்தடைய முந்நூறு ஆண்டுக்குமேல் ஆகிறது. இதை நான் விளக்கத் தொடங்குமுன்பே அவர், "என்னடா இது, பெரிசாவே ஆகலையே! இதுக்கா பதினோராயிரம்?" என்றார். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் சற்று நின்று, மனைவி சிரிப்பது கேட்டது.

"சந்திரனுக்கே திருப்பு தாயி" என்றார் அப்பா. அன்றும் அரைத்திங்கள்தான். மகள் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு முறை வர வெகுநேரம் ஆயிற்று.