பார்ப்பதற்கு என்ன இருக்கிறது

அவிநாசியில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் 'இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது' என்று கேட்டால் கோயிலைச் சொல்வார்கள். சித்திரைத் தேரைச் சொல்வார்கள். மேலும் வற்புறுத்தினால், 'வேற என்னங்க இருக்குது, பூராவும் பனியன் கம்பெனிதானுங்க' என்று முடித்துக்கொள்வார்கள். இதில் தன்னடக்கம் ஏதும் இல்லை. கேள்வியே இங்குள்ளவர்களுக்கு அந்நியமானது. ஓர் இடத்துக்குப் போவதென்றால் அங்கே காரியம் ஒன்று இருந்தாக வேண்டும். கருவலூர் மாரியம்மனுக்கு வேண்டுதல் இருக்கலாம். சேவூரில் ஒரு சீர் இருக்கலாம், இழவு இருக்கலாம். குளம் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தெரிந்தவர்கள் 'என்ன சோலியாப் போறீங்க?' என்று கேட்கிறார்கள். சோலி ஒன்றுமில்லை என்றால், வெளியே சொல்ல விரும்பாத சோலி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது கொங்கு நாட்டின் குணம் மட்டுமல்ல என்று தோன்றுகிறது. நம் பழைய கவிதையில் நிலம் தனித்து நின்றதில்லை. குறிஞ்சியோ நெய்தலோ, யாரோ ஒருத்தியின் கூடலுக்காகவோ இரங்கலுக்காகவோதான் அது அங்கே இருக்கிறது. ஆற்றுப்படைகளை நம் மொழியின் முதல் வழிகாட்டிப் புத்தகங்கள் என்று சொல்லலாம். எந்த மலையைத் தாண்ட வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், வழியில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் நடப்பவன் பசித்த பாணன் அல்லது கூத்தன். வழியின் முடிவில் ஒரு வள்ளல் இருக்கிறான். பரிசில் இல்லாத ஆற்றுப்படையை யாரும் எழுதவில்லை. திருமுருகாற்றுப்படையிலும் பரிசில் உண்டு, அது வீடுபேறு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசித்தவனுக்கு மலை எப்படித் தெரியும் என்பதை அந்தக் கவிதைகள் அளவுக்கு வேறு எதுவும் சொல்லிவிடவில்லை.

அவிநாசிக்கு வந்த பிரயாணிகளில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் சுந்தரர். ஊருக்கு அப்போது திருப்புக்கொளியூர் என்று பெயர். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது. சேர்ந்து குளிக்கப்போன இடத்தில் ஒருவனை முதலை விழுங்கிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. சுந்தரர் பாடியபோது முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. இடையில் போன வயதையும் சேர்த்து, வளர்ந்த பிள்ளையாக. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அற்புதத்திலும் பாக்கி வைக்காமல் தீர்க்கும் ஒரு வியாபார ஊரின் மனம் அதில் இருக்கிறது. முருகன்பூண்டியில் நடந்தது வேறு மாதிரி. சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்தவரை வேடர் வேஷத்தில் பூதகணங்கள் வழிமறித்துப் பறித்துக்கொண்டன. இப்படிப்பட்ட ஊரில் உனக்கென்ன வேலை என்று கடவுளையே அதட்டுகிறது அங்கே பாடிய பதிகம். திருப்பூர் வழி பற்றி நம்மிடம் உள்ள முதல் பிரயாணிப் புகார் அதுதான். பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது.

இன்று முருகன்பூண்டியைத் தாண்டும்போது பஸ் இரைச்சலுக்கு மேல் உளிச்சத்தம் கேட்கும். சாலையோரக் கொட்டகைகளில் பாதி உடம்பு கல்லுக்குள் இருக்கிற நந்திகள், கண் திறக்காத சாமிகள். கோயிலைவிட இதையே பார்க்க வேண்டும் என்பது என் அபிப்ராயம். சிலை வாங்க வருகிறவரைத் தவிர யாரும் இறங்குவதில்லை.

சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது என்ற காரியத்தை இங்கிலாந்துக்காரர்கள் ஒரு ஸ்தாபனமாகவே ஆக்கிவிட்டார்கள். பழைய மாளிகைகளையும் மலைச்சரிவுகளையும் பொதுவில் காப்பாற்றுவதற்கு என்று 1895-லேயே நேஷனல் டிரஸ்ட் ஏற்பட்டது. வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைக்கும் அங்கே சட்டப்பூர்வமான அந்தஸ்து உண்டு. நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு இயற்கை ரசனை ரத்தத்திலேயே ஊறியது என்று பேசுவார்கள். வாஸ்தவத்தில் அது ஒரு சண்டையின் பலன். சண்டையில் தவறான பக்கம் நின்றவர்களில் ஒருவர் வேர்ட்ஸ்வர்த்.

ஏரிப் பிரதேசத்துக்கு அவர் எழுதிய வழிகாட்டி 1810-ல் முதலில் வெளிவந்து பல தடவை திருத்தப்பட்டது. அந்தப் பிரதேசம் ஒருவகையில் தேசத்தின் பொதுச்சொத்து, காணக் கண்ணும் அனுபவிக்க நெஞ்சும் உள்ளவர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு என்ற கருத்து அதில் வருகிறது. அழகான வாதம். ஆனால் 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியர் ஏரிப் பக்கம் ரயில் போடத் திட்டம் வந்தபோது அதே மனிதர் அதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். லங்காஷயர், யார்க்ஷயர் ஆலைத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினால் ஏரிக்கும் கேடு, அவர்களுக்கும் லாபமில்லை. இயற்கையை ரசிப்பது பிறவியில் வருவதல்ல, மெதுவாகப் பழக வேண்டியது. அவர்கள் தங்கள் ஊர் வயல்களில் மனைவி மக்களோடு உலாவட்டும். இவர்களுக்காக மல்யுத்தப் போட்டியும் படகுப் பந்தயமும் சாராயக்கடையும் ஏரிக்கரைக்கு வந்துவிடும் என்றும் பயந்தார். அப்படியானால் கண்ணும் நெஞ்சும் உள்ளவர்கள் என்று முன்பு சொன்னது யாரை? வழிகாட்டியில் திறந்துவிட்ட கதவைக் கடிதத்தில் சாத்துகிறார். ரயில் 1847-ல் வந்துவிட்டது.

அவர் பயந்த தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான் 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள். அந்த மேடு பிரபுக்கள் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த புதர்நிலம். வருஷத்தில் சில நாள் வேட்டை. மற்ற நாளெல்லாம் காவல். அத்துமீறி நுழைவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனார்கள். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்த மேடு உள்ளிட்ட பீக் மாவட்டம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. திறந்த மேட்டுநிலத்தில் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் 2000-த்தில்தான் வந்தது. உலாவுவதற்கு ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்பதை நம்மால் எளிதில் நம்ப முடியாது. நமக்கு ஜெயிலுக்குப் போக வேறு நல்ல காரணங்கள் இருந்தன.

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வது வழக்கம். மான்செஸ்டரின் ஆலைகளைத்தான் சொல்கிறோம். அதன் ஞாயிற்றுக்கிழமையை யாரும் சொல்வதில்லை.

இந்தப் பக்கம் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஒன்றரை ஷிப்ட் வீதம் ஆறு நாள் ஓவர்லாக் மெஷின் முன் உட்கார்ந்தவனுக்கு அந்த ஒரு நாள் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றியும் காதர்பேட்டையிலும் நிறைந்து நிற்பார்கள். துணி பார்ப்பார்கள், செல்போன் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் வாங்கமாட்டார்கள். அவர்களுக்கு நிற்பதற்கு வேறு இடம் இல்லை. மில் ஹாஸ்டல் பெண்களில் பலருக்கு அதுவும் இல்லை. வார்டன் அனுமதித்து, கூட ஒருவர் வந்து, எண்ணிக் கூட்டிப்போய் எண்ணிக் கூட்டி வருவார்கள். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். கிண்டர் மேட்டுக் காவலாளியும் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான், பறவைகளுக்காக.

எனக்குத் தெரிந்து இவர்கள் காரியமில்லாமல் போய் நிற்கக்கூடிய இடம் நஞ்சராயன் குளம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில் போய் இறங்கி நடக்க வேண்டும். நஞ்சராயன் என்ற அரசன் செப்பனிட்டதாகச் சொல்வார்கள். ஏறக்குறைய 440 ஏக்கர். நல்லாற்றில் மழைத்தண்ணீர் எப்போதோ வரும். ஊர்ச் சாக்கடை எப்போதும் வரும். அதனால்தான் கோடையிலும் குளம் வற்றுவதில்லை, அதனால்தான் பறவைகள் நிற்கின்றன. இது கொஞ்சம் கசப்பான கணக்கு. இதே திருப்பூரின் சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு உதவாத கழிவுத்தொட்டி ஆக்கியது. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பது கட்டாயமாக நிலைத்தது. அங்கே ஓர் அணையைக் கொன்ற ஊர் இங்கே தன் அழுக்கிலேயே ஒரு குளத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அப்படி உத்தேசிக்காமலே. பறவை பார்க்கிறவர்கள் பல வருஷங்களாக அங்கே போய் எண்ணி, எழுதி, மனுக் கொடுத்திராவிட்டால் குளம் வெளியே தெரிந்திருக்காது. 2022-ல் மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே மாதம்தான், அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு அவிநாசித் திட்டமும் தொடங்கியது. பவானி உபரி நீரை 1,045 குளங்குட்டைகளுக்குப் பம்ப் செய்கிற திட்டம். குளம் பார்க்கிறவனுக்கு நல்ல மாதம்.

சரணாலயம் ஆனால் குளத்துக்குப் பாதுகாப்பு. யாரிடமிருந்து என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, கரையில் நாலைந்து ஒடியாப் பையன்கள் வந்து நின்றார்கள். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பைனாகுலரோடு வந்திருந்த ஒருவர் முகத்தைச் சுளித்து, 'இவனுகளுக்கு இங்க என்ன வேலை' என்றார். சோலி கேட்கும் அதே கேள்விதான். ஆனால் இதில் விசாரிப்பு இல்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். அதில் தப்பில்லை, பறவைகள் கலையும். வேர்ட்ஸ்வர்த்துக்கும் இந்த அளவு நியாயம் இருந்தது.

அவர்களில் ஒருவன் எதிர்க்கரைச் சேற்றுத் திட்டைக் கை நீட்டிக் காட்டினான். சாம்பல் நிறத்தில் பத்துப்பதினைந்து உருவங்கள். மேய்கிற ஆடுகள் மாதிரி இருந்தன. 'அண்ணா, அது எங்க ஊர்ல வரும். நெறைய வரும். தலையில ரெண்டு கோடு இருக்கும்' என்றான். பைனாகுலர்காரர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பட்டைத்தலை வாத்துகள். இமயமலைக்கு மேலாகப் பறந்து வருகிறவை. பையனுக்குச் சிலிகா ஏரிப் பக்கம் ஊராம். அப்பா மீன் பிடிக்கிறவர். இங்கே செக்கிங்கில் சேர்ந்து மூன்று வருஷம். தமிழ் அங்கேயே கற்றுக்கொண்டது. பைனாகுலரை அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தான். தனக்கு அது தேவைப்படவில்லை.

'அடுத்த வாரமும் வருவியா தம்பி?' என்று கேட்டேன். ஷிப்மென்ட் இருக்கிறது, ஞாயிறும் வேலை என்றான். அதற்கடுத்த வாரமும் சந்தேகம்தான். மார்ச் வாக்கில் இவை திரும்பிப் போய்விடும் என்று சொன்னேன். 'தெரியும் அண்ணா' என்றான்.