கச்சான் காற்று ஊதிய உலை!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் கோட்டை விட்டவரா நீங்க? கைகொடுங்க, நானும் உங்க கட்சிதான்! ரிப்பீட் எக்ஸாமுக்கு மூணு வாரம் இருக்கும்போது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் போன இடம் சமனலவெவ.

பலாங்கொடையில் சித்தப்பா வீடு. அங்கிருந்து முச்சக்கரவண்டி, பிறகு காட்டுப் பாதையில் நடை. ஏறி முடித்தால் மேற்கே பார்த்த சரிவு. ஜூலை மாதம் போனால் தொப்பியைப் பைக்குள் வைத்துவிடுங்க. காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்!

"கச்சான் காத்துடா. செப்டம்பர் வரைக்கும் இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

இப்போ கீழே பாருங்க. வெல்லப்பாகு உறைந்த மாதிரி கறுப்புத் துண்டுகள், கையில் எடுத்தால் கனம். கல் இல்லை, இரும்புக் கசடு. கி.பி. 7 முதல் 11-ம் நூற்றாண்டு வரை இந்தச் சரிவுகளில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். துருத்தி? கிடையாது! ஊதியது இதே கச்சான் காற்று.

சரிவின் விளிம்பில் அகலமான உலை. பின்சுவர் நிரந்தரம். முன்சுவரை ஒவ்வொரு தடவையும் களிமண்ணால் புதிதாகக் கட்டுவார்கள். அதன் அடியில் வரிசையாகச் சுடுமண் குழாய்கள். காற்று முன்சுவரில் மோதி மேலேறித் தாண்டும்போது, விளிம்புக்குப் பின்னால் அழுத்தம் குறையும். உடனே குழாய் வழியே காற்று உள்ளே இழுபடும். நான் பெயிலான பாடம் அப்படியே கண்முன்னால்!

தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1994-ல் இங்கேயே உலை கட்டி உருக்கிப் பார்த்தார். கார்பன் மிகுந்த எஃகு கிடைத்தது. 1996-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரையும் வந்தது.

எதிரே நீர்த்தேக்கம். நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் நடந்த ஆய்வில்தான் இந்த உலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1992-ல் அணை முடிந்தது. பல இடங்கள் தண்ணீருக்குள் போயின. காட்டிக்கொடுத்ததும் அணை, மூழ்கடித்ததும் அணை! 120 மெகாவாட் மின்சாரம் வேண்டாம்னு சொல்ல முடியுமா? எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா, நாளைக்கு இந்த மாதிரி அணைக்குப் பிளான் போடப்போறது நாமதானே ஃப்ரெண்ட்ஸ்?

கிளம்பும்போது ஒரு துண்டை மெதுவாகப் பைக்குள் போட்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார்.

"எடுத்த இடத்துலயே வைடா. தண்ணி விட்டுவெச்சதே இவ்வளவுதான். அதையும் ஆளுக்கொன்னா அள்ளிக்கிட்டுப் போனா?"

வைத்துவிட்டேன். நீங்களும் போனால் வெறுங்கையோடு திரும்புங்க.

பி.கு.: ரிப்பீட் ரிசல்ட் இன்னும் வரல. வேண்டிக்கோங்க!