வாயில்லாச் சாட்சிகள்

துப்பறியும் நாவல் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. கொலையும் விஷமும் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்காமல், அவ்வகை நாவல்களை எழுதியவர் ஒருவரின் வாழ்க்கையையே படித்துப் பார்ப்பது என்று எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவு செய்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் அகதா கிறிஸ்டி அம்மையார். கொலையாளிகளைத் தேடிப் போன எங்களுக்கு, வழியெங்கும் எதிர்ப்பட்டவை நாய்கள்!

அம்மையார் 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். எட்டு வயதுவரை குழந்தைக்கு எழுத்தறிவு வேண்டாம் என்று எண்ணினார் அவருடைய தாய். மகளோ ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் பிறந்த நாளுக்கு ஒரு நாய்க்குட்டி பரிசாக வந்தது. தந்தை அமெரிக்கர் ஆதலால் அதற்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயர் சூட்டினார். வீட்டில் கூப்பிட்ட பெயர் டோனி. மகிழ்ச்சி மிகுதியால் சிறுமிக்கு நாவெழவில்லை. நன்றி என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியாமல் தனியிடம் தேடி ஓடினாள். பிற்காலத்தில் 66 துப்பறியும் நாவல்கள் எழுதிய கை அது. ஆனால் அன்று அவளிடம் சொற்கள் இல்லை. பேச்சு வராத உயிர்களின் மனத்தை அவர் அன்றே அறிந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1901இல் தந்தை மறைந்தார். முதல் உலகப் போரின்போது, அகதா ஊர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பின்னர் மருந்து கலக்கும் பகுதியில் வேலை பார்த்து, 1917இல் அதற்குரிய தேர்விலும் தேறினார். எந்த மருந்து எந்த அளவில் காக்கும், எந்த அளவில் கொல்லும் என்ற அறிவு அங்கேதான் கிட்டியது. துப்பறியும் கதை உன்னால் எழுத முடியாது என்று அக்காள் சவால் விட, மருந்துப் புட்டிகளுக்கு நடுவே முதல் நாவல் உருவாயிற்று. பதிப்பகங்கள் பல அதைத் திருப்பி அனுப்பின. 1920இல் அது வெளிவந்தபோது அவர் கைக்கு வந்த தொகை 25 பவுன் மட்டுமே.

மர்ம நாவலில் எல்லாரும் எதையேனும் மறைப்பார்கள். வேலைக்காரி மறைப்பாள், மருத்துவர் மறைப்பார், நல்லவர்கூடத் தம் மானத்தைக் காக்கச் சிறு பொய் சொல்வார். பொய் சொல்லத் தெரியாத ஒரே சாட்சி நாய். 1892இல் கானன் டாயில் எழுதிய ஒரு கதையில் லாயத்திலிருந்து பந்தயக் குதிரை காணாமற்போகிறது. இரவில் நாய் குரைக்கவே இல்லை. அப்படியானால் வந்தவர் அதற்குத் தெரிந்தவர் என்று முடிவு கட்டுகிறார் ஷெர்லக் ஹோம்ஸ்.

அகதா அம்மையாரும் 1937இல் வாயில்லாச் சாட்சி என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். செல்வம் மிக்க மூதாட்டி ஒருவர் இரவில் மாடிப்படியில் விழுந்துவிடுகிறார். அவருடைய நாய் பாப், பந்தைப் படியின் உச்சியில் வைத்து விளையாடும் பழக்கம் உடையது. எனவே பந்து தடுக்கித்தான் விழுந்தார் என்று வீட்டார் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆனால் அன்று இரவு முழுவதும் பாப் வீட்டுக்கு வெளியே இருந்தது! பழி சுமத்தினால் மறுத்துப் பேச வாயில்லாத பிராணியின் மேல் குற்றத்தைப் போடுவது எத்தனை எளிது! துப்பறிபவரான எர்க்யூல் புவாரோ அந்தப் பழியைத் துடைக்கிறார். இந்த நாவலை அம்மையார் தம்முடைய பீட்டர் என்ற நாய்க்கே காணிக்கையாக்கினார்.

பீட்டருக்கு அந்த மரியாதை சும்மா கிடைக்கவில்லை. 1926 அம்மையாருக்குப் பெருந்துன்ப ஆண்டு. அவ்வாண்டு தாய் இறந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னார். டிசம்பர் 3ஆம் நாள் இரவு காரில் வீட்டை விட்டுப் போனவர், 11 நாள் கழித்து ஹாரோகேட் நகர விடுதியொன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். அந்த நாட்களைப் பற்றித் தம் சுயசரிதையில் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. நாடெங்கும் செய்தித்தாள்கள் அவரைத் துரத்தின. வேட்டை நாய்களுக்கு முன் ஓடும் நரியைப் போலத் தம்மை உணர்ந்ததாக அவரே கூறியிருக்கிறார். நாய்களை உயிராக நேசித்தவருக்கு அந்த உவமை தோன்றியது என்றால், மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

அப்போது விலகிப் போனவர்கள் உண்டு. விலகாமல் நின்றவர்களும் உண்டு. விலகியவர்களை எலிகளின் சபை என்றும், நின்றவர்களை நன்றியுள்ள நாய்களின் சபை என்றும் அவரும் அவருடைய செயலாளரும் வேடிக்கையாகப் பிரித்தார்கள். இரண்டாம் சபையில் முதலிடம் அந்தச் செயலாளருக்கும் பீட்டருக்கும்தான். 1928இல் வந்த நீல ரயில் நாவல் அவ்விருவருக்கும் காணிக்கை. மனமே இல்லாமல், பணத் தேவைக்காக எழுதிய நூல் அது. எழுதப் பிடிக்காத நாளிலும் எழுத வேண்டியிருந்ததால் தாம் தொழில்முறை எழுத்தாளர் ஆனது அப்போதுதான் என்கிறார் அம்மையார். உற்சாகம் வந்தால் எழுதலாம் என்று காத்திருக்கும் எங்களுக்கு இது நல்ல பாடம்.

1929இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையில் கொலையே இல்லை. ஓர் ஏழை விதவை. கண் மங்கிய கிழட்டு நாய் ஒன்று. நாயை விட்டுவிட்டு வந்தால் வேலை கிடைக்கும். அதற்கு மனமின்றி, தனக்குப் பிடிக்காத செல்வர் ஒருவரை மணக்கவும் அவள் துணிகிறாள். நன்றியுள்ள பிராணி என்று நாயைச் சொல்கிறோம். அந்த நன்றியை மனிதரும் திருப்பிச் செலுத்த முடியுமா என்று கேட்கிறது கதை.

இதையெல்லாம் படித்துவந்த நாட்களில் எங்கள் விடுதியிலும் ஒரு துப்பு கிடைத்தது. வாயிற்காவலர் தாத்தா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் வளர்த்த செவலை நாய், மாலையில் வைத்த சோற்றைத் தொடவில்லை. நோய் வந்துவிட்டது, வெளியே விடவேண்டியதுதான் என்றார் சமையலறை அக்கா. நாங்கள் நாலு நாள் கவனித்தோம். காலையில் அது நன்றாகவே சாப்பிட்டது. மாலை ஆறு மணிக்கு மட்டும் கேட்டருகே போய், பஸ் நிற்கும் ஓசைக்கெல்லாம் காதை உயர்த்தியது. தாத்தா வேலைக்கு வந்து, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து அதற்கும் பங்கு வைக்கும் நேரம் அது. நோய் இல்லை, காத்திருப்பு! சிஸ்டரின் அனுமதியோடு தாத்தாவுக்குக் கடிதம் எழுதினோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாத்தா வந்து, “வாடா, வீட்டுக்குப் போகலாம்” என்றார். அன்று மாலை கேட்டருகே வெறிச்சென்றிருந்தது. ஆனாலும் எங்கள் மனம் நிறைந்திருந்தது.

அகதா அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். எனினும் 1971இல் பழைய இலத்தீன் பூசை முறையை இங்கிலாந்தில் அடியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று அறிஞர்கள் பலர் பாப்பரசர் ஆறாம் சின்னப்பருக்கு விண்ணப்பித்தபோது, அவரும் கையெழுத்திட்டார். அந்தப் பெயரைக் கண்டதும் பாப்பரசர் மகிழ்ந்து இசைந்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அந்த அனுமதிக்கே அகதா கிறிஸ்டி சலுகை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தமக்கு உரியதல்லாத ஒன்றுக்காகவும் சாட்சி சொல்ல முன்வந்தவர் அவர். 1976 ஜனவரி 12ஆம் நாள், தமது 85ஆம் வயதில் அவர் மறைந்தார்.

துப்பறிவது என்பது பிறர் குற்றத்தைத் தோண்டுவது என்றே முன்பு எண்ணியிருந்தோம். வாய் திறக்க முடியாதவர் பக்கம் நின்று, அவர்களுக்காக உண்மையைக் கண்டு சொல்வதும் அதுதான் என்று இப்போது அறிகிறோம். வேதாகமத்தில் தோபித்து நூலைப் புரட்டினால், வானதூதர் இரபேலோடு தோபியா பயணம் புறப்படும்போது ஒரு நாயும் கூடப் போகிறது. அவர்கள் திரும்பும்போதும் பின்னால் வருகிறது. அது என்ன செய்தது என்று நூல் எதுவும் சொல்லவில்லை. கூடவே போயிற்று, கூடவே வந்தது. அந்த ஒன்றே எழுதிவைக்கத் தகுந்த செய்தியாயிற்று.

— வாசகர் வட்ட மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு