வாசலில் ஓடும் ஆறு



ஒருவரின் வீட்டு வாசலில் ஆறொன்று ஓடி, அதில் அவர் நாள்தோறும் ஐந்து முறை குளித்தால் உடலில் அழுக்கு எஞ்சுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவியதையும், ஐவேளைத் தொழுகை பாவங்களை அவ்வாறே போக்குகிறது என விளக்கியதையும் நாம் அறிவோம். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி அது. ஓசூரில் ஜும்ஆ பயானில் அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. ஆற்று நீர் தூய்மையானது என்பதில் எவருக்கும் ஐயமில்லாத ஒரு காலத்தில் சொல்லப்பட்ட உவமை அது. எங்கள் ஆற்றில் ஐந்து முறை குளித்தவர், ஆறாவது முறையாகக் குழாயடிக்கு வர வேண்டியிருக்கும்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே ஓடித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அம்மாநகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிறைத்த கழிவுநீர் வழிந்து இந்த ஆற்றில்தான் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றிப் புகைந்ததை நாடே பார்த்தது. அந்த நீர் எல்லை தாண்டி முதலில் தேங்குமிடம், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் மதகுகளைத் திறந்தால் வெண்ணுரை மலைபோல் எழுகிறது. 2024 அக்டோபரில் நந்திமங்கலம் தரைப்பாலத்தையே நுரை மூடிவிட்டது. படத்தில் பார்ப்பவர்களுக்குப் பனி பொழிந்தது போல் அழகாக இருக்கும். அருகில் நிற்பவர்களுக்கு மூக்கைப் பொத்தத் துணி வேண்டும்.

அணையின் கால்வாய்ப் பாசனத்தில் சிறிது நிலம் வைத்திருக்கிறார் என் மாமா. "வயல்ல இருக்கும்போதே அஸர் நேரம் வந்துடுது. கால்வாய்த் தண்ணில ஒளு செஞ்சா கூடுமாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். நான் ஆலிம் அல்லேன். அவரைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றேன்.

ஹஜ்ரத் புளாஆ கிணற்றிலிருந்து தொடங்கினார். மதீனாவில் இருந்த அக்கிணற்றில் அசுத்தங்கள் விழுவதைச் சுட்டி நபித்தோழர்கள் கேட்டபோது, அதன் நீர் தூய்மையானதே என்று நபியவர்கள் விடையளித்தார்கள். ஆனால் அசுத்தத்தால் நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்டால் அந்த நீர் நஜீஸ் ஆகிவிடும் என்பதில் எல்லா மத்ஹபு இமாம்களும் ஒன்றுபடுகிறார்கள். ஓடும் நீருக்கும் அதுவே அளவுகோல். நுரையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், சோப்பு நஜீஸ் அன்று, அதனோடு வருவது சாக்கடையா என்பதே கேள்வி என்றும் சொன்னார். "நிறம், சுவை, வாடை மூன்றையும் பாருங்க பாய்."

"வாடையே போதும் ஹஜ்ரத், சுவை பார்க்கச் சொல்லாதீங்க" என்றார் மாமா. அன்றிலிருந்து வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கேனில் நிரப்பி வயலுக்கு எடுத்துச் செல்கிறார்.

அவருடைய ஒளு சரியாகிவிட்டது. என் கலக்கம் அங்கேதான் தொடங்கியது. கை கழுவ ஆகாது என்று அவர் ஒதுக்கிய அதே நீர்தான் அவருடைய தக்காளிக்கும் கீரைக்கும் பாய்கிறது. அத்தகைய நீரில் விளைந்தது ஹலால்தான் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஹன்பலி மத்ஹபில் மாற்றுக் கருத்து உண்டு. சட்டம் அவ்வாறிருக்கலாம். அந்தக் கீரையைக் குழந்தைக்கு ஊட்டும் தாய்க்குச் சட்டம் மட்டும் போதுமா?

முகர்ந்து பார்த்து அறிய முடியாதவையும் நீரில் உண்டு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறைப்படி, குளிப்பதற்குரிய நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குத் தெளிந்த நீரும் இதில் தோற்கலாம். மார்க்க அறிஞர்கள் இந்த அறிவைப் புறந்தள்ளவில்லை. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் பற்றி 1978இல் ஆராய்ந்த சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் அவை, துறை வல்லுநர்களின் அறிக்கையைப் பெற்ற பின்னரே தீர்ப்பளித்தது: நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் அசுத்தத்தின் தடயம் ஏதும் எஞ்சாதவாறு முழுமையாகச் சுத்திகரித்தால் அந்நீர் தூய்மையானதே; உடலுக்குத் தீங்கு வருமாயின் அதைக் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நுரைக்கு மீண்டும் வருகிறேன். சலவைத்தூளில் அழுக்கைப் பிரிக்கும் வேதிப்பொருள் கழிவுநீரோடு சிதையாமல் வந்து, மதகில் நீர் விழுந்து காற்றோடு கலக்கும்போது பொங்குகிறது. தொழிற்சாலைக் கழிவு பற்றிய புகார்களும் உண்டு, அவை விசாரிக்கப்பட வேண்டியவை. ஆயினும் அந்த நுரையில் பெரும்பங்கு வீடுகள் தூய்மையைத் தேடியதன் மிச்சம். சட்டையை வெளுத்துத் தொழுகைக்கு நின்றவர்களின் சோப்பும் அதில் இருக்கிறது. நீர்த்துறையில் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக எண்ணும் நபிமொழி அபூதாவூதில் உண்டு. தனியொருவர் கரையில் அமர்ந்து செய்தால் நாம் முகம் சுளிப்போம். அதையே ஒரு நகரம் குழாய் வழியாகச் செய்தால் அதற்கு வடிகால் வசதி என்று பெயர்.

பெங்களூரைக் குறை சொல்வது ஓசூர்க்காரர்களுக்கு எளிது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நாமும் எவருக்கோ மேல்மடைதான். நம்மைக் கடந்த நீர் கிருஷ்ணகிரி அணைக்கும், பிறகு சாத்தனூருக்கும் போய், கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அந்த வழியெங்கும் வயல்கள் உண்டு, பள்ளிவாசல்கள் உண்டு.

எங்கள் பள்ளியில் ஐவேளையும் ஒளு செய்யும் நீர் இதுவரை தெருச் சாக்கடைக்கே போய்க்கொண்டிருந்தது. அதில் சோப்புக்கூட இல்லை, நல்ல நீர். அதைத் தனிக் குழாயில் பிரித்து, மணலும் ஜல்லியும் இட்ட உறிஞ்சுகுழியில் விடலாம் என்று ஹஜ்ரத் கூறினார். கழிப்பறை நீர் அதில் ஒரு சொட்டும் சேரக் கூடாது என்பது முத்தவல்லியின் நிபந்தனை. குழிக்கான இடத்தை அளந்துவிட்டார்கள். செலவுக் கணக்கு வரும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தின் முன் வைக்கப்படுகிறது.