தம்பி எண்ணிய குஞ்சுகள்

டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பி வீட்டுக்கு வந்த வாரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் குளியலறைத் தொட்டியைப் பார்க்க வந்தார். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்று சில கப்பி மீன்களைத் தந்துவிட்டுப் போனார். தம்பிக்குப் பொழுதுபோகட்டும் என்று வாப்பா அவற்றில் நான்கைக் கண்ணாடித் தொட்டியொன்றில் விட்டார். மூன்று ஆண், ஒரு பெண்.

ஆண்களுக்குத்தான் நிறமெல்லாம். பெண் பெரிது, ஆனால் மங்கல். அதன் வயிற்றின் பின்பக்கத்துக் கரும்புள்ளி நாளுக்கு நாள் பெருத்தது. கப்பி முட்டையிடுவதில்லை; முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே விருத்தியடைந்து, ஏறக்குறைய 4 வாரங்களில் நீந்தும் குஞ்சுகளாகவே வெளிவரும். உயிரியல் மாணவி என்ற பெருமையோடு இதைத் தம்பிக்கு விளக்கினேன்.

தாயே குஞ்சுகளைத் தின்னும் என்பதும் எனக்குத் தெரியும். கொஞ்சம் நீர்ச்செடி போட்டிருந்தால் அவை ஒளிந்துகொண்டிருக்கும். தவணைப் பரீட்சை முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளி மாலை குஞ்சுகள் பிறந்தன. தம்பி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினான். 23. சுபஹுக்கு எழுந்து நான் பார்த்தபோது 5.

"ராத்தா, மத்தக் குஞ்சுகள் எங்க?"

"கல்லுக்குள்ள ஒளிச்சிருக்கும்."

லுஹர் வரை டோர்ச் அடித்துத் தேடினான். சோறு தின்னவும் வரவில்லை. மஃரிபுக்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவன் அழவில்லை.

"அப்ப உங்களுக்கு முதலே தெரியுமா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உம்மாவிடம் முறையிட்டேன். "ஆஸ்பத்திரில ஊசி போடக்குள்ளயும் நோகாது எண்டுதானே சொன்னாய்" என்றார் உம்மா, மீன் ஆய்ந்தபடியே.

பிறகு செடி வாங்கிப் போட்டேன். குழாய் நீரின் குளோரின் போக வாளியில் ஒருநாள் நீரை வைக்க வேண்டும். நுளம்பு முட்டையிடாமல் அதற்குத் துணியும் கட்ட வேண்டும். இரண்டையும் தம்பியே பொறுப்பெடுத்தான். ஆண் மீன்களைக் குளியலறைத் தொட்டிக்கே மாற்றினோம்.

"ஆண் இல்லாட்டியும் இது திரும்பக் குஞ்சு போடும். விந்தை உடம்புக்குள்ள மாசக்கணக்கில சேத்து வச்சிருக்கும். போட்டா, திரும்பவும் தின்னும். செடி இருந்தாலும் எல்லாம் மிஞ்சாது" என்று இம்முறை முன்கூட்டியே சொன்னேன். அவன் தலையாட்டினான்.

அடுத்த மாதம் அப்படியே நடந்தது. இப்போது பழையவற்றோடு 16 குஞ்சுகள் இருக்கின்றன. எத்தனை என்று தம்பி என்னிடம் கேட்பதில்லை. காலையில் தானே எண்ணிக்கொள்கிறான்.